கருவில் நிகழும் உரையாடல்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மேனாம்பேட்டில் மாதந்தோறும் கூடும் இவ்வவையில் நான் இதுவரை ஆற்றிய உரைகள் யாவும் சங்க இலக்கியத்தையும் காப்பியங்களையும் பற்றியவை. இம்முறை, நரம்பணுக்கள் உருவாகும்போது செல்கள் தமக்குள் எவ்வாறு செய்தி பரிமாறிக்கொள்கின்றன என்பதைப் பற்றிப் பேசுகிறேன் என்றேன். அழைப்பிதழை அச்சுக்குக் கொடுக்குமுன் செயலாளர் ஐயா இருமுறை தொலைபேசியில் அழைத்து, "தலைப்பு இதுதானே அம்மா?" என்று உறுதிசெய்துகொண்டார். தமிழ் விரிவுரையாளருக்கு இப்பொருளில் என்ன வேலை என்று அவர் கேட்கவில்லை. அது அவருடைய பெருந்தன்மை. அவர் கேளாத அக்கேள்விக்கு முதலில் விடை கூறிவிடுகிறேன்.

பதினோராண்டுகளுக்கு முன் என் தங்கை தலைச்சன் பிள்ளையை வயிற்றில் சுமந்திருந்தாள். ஐந்தாம் மாதத்தில் எடுத்த ஸ்கேன் அறிக்கையோடு ஒரு மாலையில் என் வீட்டுக்கு வந்தாள். அறிக்கை முழுவதும் ஆங்கிலத்தில் இருந்தது. தடித்த எழுத்தில் அச்சாகியிருந்த ஒரு நீண்ட சொல்லைச் சுட்டிக்காட்டி, "அக்கா, நீதான் டாக்டர் பட்டம் வாங்கியவளாயிற்றே. இதில் என்ன போட்டிருக்கிறது, சொல்" என்றாள். அக இலக்கியத்தில் வாயில்கள் என்பது என் முனைவர் பட்டப் பொருள். அந்த ஒரு சொல்லின் பொருளை என்னால் சொல்ல இயலவில்லை. மறுநாள் மருத்துவர் விளக்கினார்: குழந்தையின் தலைப்பகுதியில் நரம்புக் குழாய் மூடிக்கொள்ளவில்லை, மூளை உருப்பெறவில்லை, பிறந்தாலும் பிழைக்காது. அக்குழந்தை எங்களுக்குக் கிடைக்கவில்லை.

கிரகணத்தன்று வெளியே வந்திருப்பாள் என்றனர் உறவினர் சிலர். கத்தி பிடித்துக் காய் நறுக்கியிருப்பாள் என்றார் மற்றொருவர். தங்கை என்னிடம் கேட்டது ஒன்றே: "நான் என்ன தப்புச் செய்தேன் அக்கா?" அக்கேள்விக்கு விடை தேடியே நான் எனக்குப் பழக்கமில்லாத நூல்களைப் படிக்கலானேன். அவளுடைய இசைவைப் பெற்றே இதனை இங்குச் சொல்கிறேன்.

படிக்கப் படிக்க ஒரு வியப்பு என்னை ஆட்கொண்டது. தொல்காப்பியர் செய்யுளியலில் செய்யுளுக்கு முப்பத்து நான்கு உறுப்புகள் கூறுகிறார். அவற்றுள் கூற்று, கேட்போர், களன், காலம், பயன், எச்சம் என்பன அடங்கும். ஒரு பாட்டின் பொருளைச் சொற்களை மட்டும் வைத்துத் துணிய முடியாது. யார் சொன்னார், யாரிடம் சொன்னார், எந்த இடத்தில், எந்தப் பொழுதில், என்ன பயன் கருதிச் சொன்னார், எதைச் சொல்லாமல் விட்டார் என்றெல்லாம் பார்த்தே துணிய வேண்டும். கருவுக்குள் செல்கள் பரிமாறிக்கொள்ளும் செய்திகளின் நிலையும் இதுவே. செல்களுக்கு மனம் உண்டு என்றோ, அவை நம்மைப்போல் எண்ணிப் பேசுகின்றன என்றோ நான் கூறவில்லை. அங்கே நடப்பது வேதிவினை. ஆயினும் அவ்வினையை விளங்கிக்கொள்ள நம் இலக்கணம் வகுத்த உறுப்புகள் எனக்கு உதவின, உங்களுக்கும் உதவக்கூடும். செல் என்பதை உயிரணு என்றும் எழுதுவர். பாடநூல்களில் பழகிய 'செல்' என்னும் சொல்லையே நான் கையாளுகிறேன்.

முதலில் கூற்று. மனித மூளையில் ஏறத்தாழ 8,600 கோடி நரம்பணுக்கள் உள்ளன. அத்தனையும் ஒரே ஒரு கருமுட்டையிலிருந்து தோன்றியவை. தோலுக்கும் எலும்புக்கும் உரிய செல்களும் அதிலிருந்தே பிறந்தவை. எல்லாவற்றிலும் இருப்பது ஒரே மரபுப்பொருள். அவ்வாறாயின், நீ நரம்பாகுக, நீ தோலாகுக என்று வகுத்தது எது?

இதற்கு முதல் விடையைத் தந்தவர்களுள் ஒருவர் ஹில்டே மாங்கோல்டு என்னும் ஜெர்மானிய மாணவி. தம் ஆசிரியர் ஹான்ஸ் ஸ்பேமான் வழிகாட்டுதலில், முனைவர் பட்டத்துக்காக, நியூட் என்னும் நீர்வாழ் உயிரியின் கருக்களில் அவர் ஆய்வு நடத்தினார். ஒரு கருவின் குறிப்பிட்ட சிறு பகுதியை எடுத்து, வேறு நிறமுள்ள மற்றொரு கருவின் வயிற்றுப்புறத்தில் ஒட்டினார். ஒட்டிய இடத்தில் இரண்டாவது முதுகும் இரண்டாவது நரம்புத் தண்டும் தோன்றின. அந்த நரம்புத் தண்டில் இருந்த செல்கள் பெரும்பாலும் ஒட்டவைத்த துண்டுக்கு உரியவை அல்ல. நிறத்தைக் கொண்டு பார்த்தபோது அவை ஏற்ற கருவுக்கே உரியவை என்பது தெளிவாயிற்று. வயிற்றுத் தோலாக வேண்டியவை, அண்டையில் வந்தமர்ந்த புதியவர் சொற்கேட்டு நரம்பாயின. 1924ஆம் ஆண்டு இவ்வாய்வு வெளிவந்தது. அதே ஆண்டில், சமையலறை அடுப்பு வெடித்த விபத்தில், ஹில்டே தம் 25ஆம் வயதில் இறந்தார். ஸ்பேமானுக்கு 1935ஆம் ஆண்டு நோபல் பரிசு கிடைத்தது. முனைவர் பட்ட ஆய்வேட்டையும் வீட்டு அடுப்பையும் ஒருசேரக் கவனித்த பெண்கள் இவ்வவையில் சிலர் இருக்கிறோம். அந்த இளம்பெண்ணின் பெயரை நாம் நினைவில் வைத்திருக்க வேண்டும்.

அந்தத் துண்டு சொன்ன சொல் எது என்று தெரிய மேலும் எழுபது ஆண்டுகள் ஆயின. 1990களில் கிடைத்த விடை எதிர்பாராதது. கருவின் மேற்படலத்துச் செல்கள் தாமாகவே நரம்பாகும் சார்புடையவை. "தோலாகு" என்னும் ஆணையை பி.எம்.பி. எனப்படும் புரதம் அவற்றுக்கு ஓயாது சொல்லிக்கொண்டிருக்கிறது. ஸ்பேமான் கண்ட பகுதியோ நாகின், கார்டின் முதலிய புரதங்களைச் சுரந்து அவ்வாணையைப் பிடித்து அடக்கிவிடுகிறது. ஆணை அடங்கிய இடத்தில் நரம்பு பிறக்கிறது. வேறு சில தூண்டல்களும் இதில் பங்கு கொள்கின்றன என்றாலும் அடிப்படை இதுவே. சொல்லாமல் விடப்பட்டதே பொருள் தருவதை நாம் எச்சம் என்போம்.

அடுத்தது கேட்போர். தூது வரும் புரதம் பெரும்பாலும் செல்லுக்குள் நுழைவதில்லை. செல்லின் மேற்புறத்தில் அதற்கென அமைந்த ஏற்பியில் வந்து பொருந்துகிறது. ஏற்பி அசைந்துகொடுக்க, உட்புறத்தில் உள்ள புரதம் ஒன்று மாறுகிறது. அது மற்றொன்றை மாற்றுகிறது. இவ்வாறு கைமாறிக் கைமாறிச் செய்தி செல்லின் கருவறையை அடைந்து, சில மரபணுக்களைத் திறக்கிறது, சிலவற்றை அடைக்கிறது. இத்தொடரையே சமிக்ஞை வழி என்கின்றனர். ஏற்பி இல்லாத செல்லுக்கு எவ்வளவு சொன்னாலும் செவிடன் காதில் ஊதிய சங்குதான். கருவை வடிக்கும் முதன்மையான வழிகள் விரல்விட்டு எண்ணத்தக்க சிலவே. ஒரே சொல் ஓரிடத்தில் "பெருகு" என்றும், பிறிதோரிடத்தில் "முதிர்வாயாக" என்றும் பொருள்படுகிறது. பொருளைத் தீர்மானிப்பது கேட்கும் செல்லின் வரலாறு.

நாட்ச் எனப்படும் வழி இதற்கு நல்ல சான்று. பழ ஈயின் சிறகோரத்தில் வெட்டுப்பட்டாற்போன்ற ஒரு தடம் இருப்பதை 1910களில் கண்டு இட்ட பெயர் அது. அடுத்தடுத்து ஒட்டியிருக்கும் செல்களில் ஒன்று நரம்பணுவாகத் தலைப்படும்போது, தன் மேற்புறத்தில் டெல்டா என்னும் புரதத்தை நீட்டுகிறது. பக்கத்துச் செல்லின் நாட்ச் ஏற்பி அதனைப் பற்றிக்கொண்டதும், "நீ இப்போது நரம்பணு ஆகாதே, பொறுத்திரு" என்னும் செய்தி உள்ளே செல்கிறது. அவையில் ஒருவர் பேச எழுந்தால் மற்றவர் அமர்ந்திருப்பதுபோல் எனலாம். இந்த ஒழுங்கு குலைந்தால் எல்லாச் செல்களும் ஒரே வேளையில் நரம்பணுக்களாகிவிடும். பின்னர் பெருகுவதற்கும் வேறுவகைச் செல்களைத் தருவதற்கும் இருப்பு இல்லாமல் போகும். அமர்ந்து காத்திருப்போர் உள்ளமையால்தான் மூளை வளர்கிறது.

மூன்றாவது களம். நரம்புக் குழாய்க்கு அடியில் முதுகுநாண் என்னும் மெல்லிய தண்டு ஓடுகிறது. அதிலிருந்து ஒரு புரதம் கசிந்து மேல்நோக்கிப் பரவுகிறது. அதன் பெயர் சோனிக் ஹெட்ஜ்ஹாக். ஹெட்ஜ்ஹாக் என்பது நம் தென்மாவட்டத்து வறண்ட காடுகளிலும் காணப்படும் முள்ளெலி. கிறிஸ்டியானே நுஸ்லைன்–போல்ஹார்டும் எரிக் வீஷாஸும் 1980ஆம் ஆண்டு வெளியிட்ட பழ ஈ ஆய்வில், ஒரு மரபணு பழுதான புழுக்கள் முள்ளெலியைப் போல் தோன்றியதால் வந்த பெயர் இது. 1995ஆம் ஆண்டு நோபல் பரிசில் இவ்விருவரும் பங்கு பெற்றனர். முதுகெலும்பு உள்ள உயிர்களில் அதன் உறவுப் புரதம் 1993ஆம் ஆண்டு கண்டறியப்பட்டபோது, கணினி விளையாட்டு ஒன்றின் முள்ளெலிப் பாத்திரத்தின் பெயரைச் சூட்டிவிட்டனர்.

பெயர் விளையாட்டாயினும் வேலை விளையாட்டன்று. திருவிழா மேளம் கோயிலடியில் ஒரு விதமாகவும், தெருக்கோடியில் வேறு விதமாகவும், ஊரெல்லையில் மெல்லிய அதிர்வாகவும் கேட்பதை எண்ணிப் பாருங்கள். இப்புரதமும் ஊற்றின் அருகே மிகுதியாகவும் தள்ளிப்போகப் போகக் குறைவாகவும் இருக்கிறது. எவ்வளவு கேட்கிறது என்பதைக் கொண்டு ஒவ்வொரு செல்லும் தன் இடத்தை அறிகிறது. ஓர் அளவில் கேட்ட செல்கள் கைகால்களை இயக்கும் நரம்பணுக்களாகின்றன. அதினும் குறைவாகக் கேட்டவை இடைநின்று இணைப்பவை ஆகின்றன. மேற்புறத்திலிருந்து பி.எம்.பி. முதலியன எதிர்முகமாகப் பரவ, தொடுகை உணர்வைக் கொண்டுசெல்லும் வழியிலுள்ள நரம்பணுக்கள் அங்கே தோன்றுகின்றன. முன்மூளைப் பகுதியில் முள்ளெலிச் சொல் கேளாது போனால், மூளை வலம் இடம் எனப் பிரியாமல் ஒன்றாகவே நின்றுவிடும். திணையை நிலம் வகுப்பது பாட்டில் மட்டுமன்று.

பயன் பற்றி ஒரு சொல். நரம்பணு பிறந்தால் மட்டும் போதாது. தன் இழையை நீட்டி உரிய உறுப்பைச் சென்றடைய வேண்டும். இதனை ஆராய்ந்தவர் ரீட்டா லெவி–மோன்டால்சினி. இத்தாலியில் 1938ஆம் ஆண்டு இயற்றப்பட்ட இனச் சட்டங்களால், யூதக் குடும்பத்தில் பிறந்த அவருக்குப் பல்கலைக்கழகக் கதவு அடைபட்டது. தூரின் நகரில் தம் படுக்கையறையையே ஆய்வுக்கூடமாக்கி, தையல் ஊசிகளைத் தீட்டிக் கருவியாக்கி, கோழிமுட்டைக் கருக்களை ஆராய்ந்தார். போருக்குப் பின் அமெரிக்கா சென்று, ஸ்டான்லி கோஹெனுடன் சேர்ந்து நரம்பு வளர்ச்சிக் காரணி என்னும் புரதத்தை உலகுக்குக் காட்டினார். இருவரும் 1986ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்றனர். இழை சென்றடையும் இடம் இத்தகைய புரதத்தைச் சிறிதளவே சுரக்கிறது. அதனைப் பெற்ற நரம்பணு வாழ்கிறது, பெறாதது மடிகிறது. தேவைக்கு மிகுதியாகப் பிறக்கும் நரம்பணுக்களுள் பெரும் பங்கு இவ்வாறு கருவிலேயே மடிந்துவிடும். மறுமொழி கிடைத்தால்தான் அதற்கு வாழ்வு.

இனிக் காலம். என் தங்கையின் கேள்வி இங்கேதான் நிற்கிறது.

கருவுற்ற 18, 19ஆம் நாளளவில் கருவின் முதுகில் நரம்புத் தட்டு தெளிவாகிறது. அதன் இரு ஓரங்களும் வாழையிலை மடிவதுபோல் எழுந்து, நடுவில் ஒன்றையொன்று தொட்டு, குழாயாக மூடிக்கொள்கின்றன. மடிப்பு எங்கே விழ வேண்டும் என்பதில் முன்னர்க் கூறிய முள்ளெலிச் சொல்லுக்கும் பி.எம்.பி.க்கும் பங்கு உண்டு. 28ஆம் நாளளவில் இப்பணி முடிந்துவிடுகிறது. தலைப்பக்கம் மூடாது போனால் மூளை இல்லை. கீழ்ப்பக்கம் மூடாது போனால் தண்டுவடப் பிளவு. பெரும்பாலான பெண்களுக்கு, நாள் தள்ளிப்போயிற்றோ என்ற ஐயம் எழும்போதே இப்பணி பாதி கடந்திருக்கும். பெயர் பதிவுசெய்து முதல் மாத்திரை வாங்கும்போது குழாய் மூடியோ மூடாமலோ முடிந்திருக்கும்.

அந்த நாள்களில் செல்கள் மிக விரைந்து பெருக வேண்டும். மரபுப்பொருள் ஓயாது படியெடுக்கப்பட வேண்டும். அதற்கு ஃபோலேட் என்னும் வைட்டமின் தேவை. அதன் வரலாற்றில் நம் ஊருக்கும் இடமுண்டு. லூசி வில்ஸ் என்னும் ஆங்கிலேயப் பெண் மருத்துவர் 1928ஆம் ஆண்டு இந்தியா வந்து, பம்பாயில் ஆலைத் தொழிலாளர் குடும்பத்துக் கர்ப்பிணிகளை வாட்டிய சோகையை ஆராய்ந்தார். குன்னூர் பாஸ்டர் நிலையத்தில் பணியாற்றினார். 1931ஆம் ஆண்டு சென்னையில், இன்று திருவல்லிக்கேணி கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை என வழங்கும் அன்றைய கோஷா மருத்துவமனையிலும் ஆய்வு நடத்தினார். ஈஸ்ட் சாற்றில் உள்ள ஏதோ ஒன்று அச்சோகையைப் போக்குகிறது என்று அவர் காட்டினார். 1941ஆம் ஆண்டு கீரையிலிருந்து பிரித்தெடுத்து, இலை என்று பொருள்படும் இலத்தீன் சொல்லால் அதற்கு ஃபோலிக் அமிலம் எனப் பெயரிட்டனர். 1991ஆம் ஆண்டு, ஏழு நாடுகளில் 33 மையங்களில் நடந்த ஆய்வின் முடிவு வெளிவந்தது. முன்பு இவ்வகைக் குறையுள்ள குழந்தையைக் கருவுற்றிருந்த பெண்கள், கருவுறுவதற்கு முன்பிருந்தே ஃபோலிக் அமிலம் உட்கொண்டால், அக்குறை மீண்டும் நேர்வது 72 விழுக்காடு குறைகிறது என்று அது காட்டியது. குழந்தைப் பேற்றை நாடும் பெண்கள் அனைவரும், கருவுறுவதற்கு முன்பே தொடங்கிப் பன்னிரண்டாம் வாரம் வரை, நாள்தோறும் 400 மைக்ரோகிராம் உட்கொள்ள வேண்டும் என்பது உலக நலவாழ்வு நிறுவனத்தின் பரிந்துரை. ஒருமுறை இழப்பு நேர்ந்தவர்களுக்கு மருத்துவர் இதனினும் மிகுந்த அளவு தருவார். கீரையும் பயறும் நல்லவை. ஆனால் சமைக்கும்போது இச்சத்தின் ஒரு பகுதி அழிந்துவிடுவதால் அவற்றை மட்டும் நம்பியிருத்தல் ஆகாது.

மாத்திரை உண்டிருந்தால் என் தங்கையின் முதல் குழந்தை உறுதியாகப் பிழைத்திருக்கும் என்று எவராலும் சொல்ல இயலாது. இக்குறைக்குக் காரணங்கள் பல. நூற்றுக்கு நூறு தடுக்கும் மருந்தும் இல்லை. ஆனால் ஒன்றை உறுதியாகச் சொல்வேன். அவள் தவறேதும் செய்யவில்லை. கிரகணமும் காய் நறுக்கும் கத்தியும் இதற்குக் காரணம் அல்ல. அவளுக்கு வந்துசேர வேண்டிய ஒரு சொல் உரிய காலத்தில் வரவில்லை. 1991ஆம் ஆண்டே உலகம் அறிந்த செய்தி, ஐந்தாம் மாத அறிக்கையில், ஆங்கிலத்தில், அவளை வந்தடைந்தது. குழாய் மூடிய பின் வரும் சொல்லைக் கேட்க அங்கே செல் காத்திருப்பதில்லை.

இந்த அறிவு எங்கோ தொலைவில் மட்டும் விளைவதன்று. 2024 டிசம்பரில் சென்னை ஐ.ஐ.டி.யின் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை ஆய்வு மையம், மனித சிசுவின் மூளைக்கு 'தரணி' என்னும் நிலப்பட வரிசையை வெளியிட்டது. பிறவாது போன ஐந்து சிசுக்களின் மூளைகளை, 14 முதல் 24 வாரம் வரையான வளர்ச்சி நிலைகளில், மென்படலங்களாகச் சீவி, செல் செல்லாகக் காணுமாறு 5,132 படங்களாக்கி, உலகம் முழுவதும் இலவசமாகப் பார்க்கத் தந்துள்ளனர். இப்பணியில் பங்கு கொண்ட நிறுவனங்களுள் ஒன்று சவீதா மருத்துவக் கல்லூரி. நம் ஊரிலிருந்து பூந்தமல்லியைக் கடந்து, பெங்களூரு நெடுஞ்சாலையில் தண்டலத்தில் உள்ளது. அப்படங்களை நான் பார்த்தபோது, அவற்றுக்குப் பின்னே குழந்தையை இழந்த ஐந்து தாய்மார் உண்டு என்பதே முதலில் மனத்தில் பட்டது. அவர்கள் இழப்பிலிருந்து பிறந்த அறிவு, நம் அம்பத்தூர்த் தொழிற்பேட்டைக்கு விடியற்காலையில் பேருந்து ஏறும் பெண்ணுக்கு அவள் மொழியில் போய்ச் சேர வேண்டாமா?

தமிழில் இதெல்லாம் முடியுமா என்பார்க்கு ஒரு பெயரை நினைவூட்டுகிறேன். யாழ்ப்பாணத்து மானிப்பாயில் மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன், 19ஆம் நூற்றாண்டிலேயே உடற்கூற்றியலையும் மகப்பேற்று மருத்துவத்தையும் தமிழில் பெயர்த்து, மாணவர்க்குத் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். முடியுமா என்ற கேள்விக்கு அன்றே விடை கிடைத்துவிட்டது.

எனவே இந்த வட்டத்திடம் ஒரு சிறு வேண்டுகோள். இங்குக் கவிஞர்கள் பலர் இருக்கிறீர்கள். சுற்றுவட்டாரத்தில் எந்தத் திருமணம் நடந்தாலும் வாழ்த்து மடல் பாடி அச்சிட்டு வழங்குவது நம் வழக்கம். இனி அச்சிடும் ஒவ்வொரு வாழ்த்து மடலின் பின்புறத்திலும், எளிய உரைநடையில் நான்கு வரிகள் சேர்ப்போம்: "குழந்தை வேண்டும் என்று எண்ணும்போதே மருத்துவரைக் கண்டு ஃபோலிக் அமில மாத்திரை தொடங்குக. கருவின் நரம்புக் குழாய் முதல் நான்கு வாரத்திலேயே மூடிவிடுகிறது. பிறகு தொடங்கினால் இதற்குப் பயன்படாது. குறை நேர்ந்தால் அது தாயின் குற்றமன்று." கடைசி வரியை மணமகளின் மாமியார் படிக்குமாறு சற்றுப் பெரிய எழுத்தில் அச்சிடுங்கள். பள்ளிகளில் வாரந்தோறும் தரப்படும் இரும்புச்சத்து, ஃபோலிக் அமில மாத்திரையை ஏன் உண்ண வேண்டும் என்பதையும் ஆசிரியைகளாகிய நாம் பெண்பிள்ளைகளுக்கு வெட்கமின்றி விளக்குவோம். சோகைக்கெனத் தரப்படும் அது கருவுறுமுன் வேண்டிய நாள்தோறும் அளவுக்கு ஈடாகாது என்பதையும் சேர்த்தே சொல்வோம்.

என் தங்கை இரண்டாம் முறை கருவுறுவதற்கு மூன்று மாதம் முன்பே மருத்துவர் சொற்படி மாத்திரை தொடங்கினாள். அச்சிறுமி நான்காம் வகுப்புப் படிக்கிறாள். இதோ, கடைசி வரிசையில், பெரியம்மா எப்போது பேசி முடிப்பாள் என்று காத்திருக்கிறாள். அவளை மேலும் காக்கவைப்பது முறையன்று.